வீட்டைப் பார்ப்பவர் ஒருவர், விலை சொல்பவர் வேறொருவர்

நியூ ஜெர்சியில் எங்கள் வீடு கேப் காட் வகையைச் சேர்ந்தது. மேல்மாடி முழுவதும் கூரைச் சரிவுக்குள் அடங்கியிருக்கும். நடுவில் நிமிர்ந்து நிற்கலாம், ஓரத்துக்குப் போனால் குனிய வேண்டும். வீட்டை வாங்கியபோது, கடனுக்காக வீட்டின் விலையைக் கணிக்க வந்த மதிப்பீட்டாளர் அந்த மாடியில் முழங்காலிட்டு, கூரை எந்த இடத்தில் ஐந்தடிக்குக் கீழே இறங்குகிறது என்று நாடா பிடித்து அளந்தார். பின்னர் கடனைக் குறைந்த வட்டிக்கு மாற்றியபோது வந்தவர் மதிப்பீட்டாளர் இல்லை, தரவு சேகரிப்பாளர். கைப்பேசியை உயர்த்திப் பிடித்தபடி அறை அறையாக நடந்தார், படம் எடுத்தார், அரை மணி நேரத்தில் விடைபெற்றார். மரியாதை தெரிந்த இளைஞர்தான். ஆனால் அறிக்கையில் எங்கள் மாடி வெறும் பரண் என்று பதிவாகியிருந்தது. ஒரு படுக்கையறை அப்படியே கணக்கிலிருந்து விழுந்துவிட்டது. விலை போட்டவர் எங்கள் வாசலைக்கூட மிதிக்காதவர். பரண் என்று வந்ததைப் பரணாகவே எடுத்துக்கொண்டார். அதைத் திருத்தி வாங்க மூன்று வாரங்கள் ஆயின.

அதன் பிறகுதான் கடனுக்காக வீட்டை மதிப்பிடும் முறைகளை ஒன்றோடொன்று வைத்துப் பார்க்கத் தொடங்கினேன்.

வங்கிகளிடமிருந்து வீட்டுக் கடன்களை வாங்கிக்கொள்ளும் ஃபேனி மே, ஃப்ரெடி மேக் ஆகிய இரு நிறுவனங்களும் 2008 செப்டம்பர் முதல் அமெரிக்கக் கூட்டாட்சி அரசின் கட்டுப்பாட்டில் இருக்கின்றன. அவை எதை ஏற்கின்றனவோ அதுவே சந்தையின் வழக்கமாகிறது. இன்று அவை ஏற்கும் வழிகளில் முக்கியமானவை நான்கு: உரிமம் பெற்ற மதிப்பீட்டாளர் நேரில் வரும் முழு மதிப்பீடு; மூன்றாம் தரப்பினர் பார்த்து வர, மதிப்பீட்டாளர் மேசையிலிருந்து விலை சொல்லும் ஹைப்ரிட் மதிப்பீடு; யாரும் போகாமலே கிடைத்த தகவலை வைத்துச் செய்யும் டெஸ்க்டாப் மதிப்பீடு; தரவு சேகரிப்பாளர் மட்டும் வந்துபோக, மதிப்பீட்டாளரே இல்லாமல் முடியும் நான்காவது வழி.

முழு மதிப்பீட்டின் பலம் பலரும் நினைப்பதுபோல வீட்டுக்குள் மட்டும் இல்லை. 1004 என்ற எண்ணால் அறியப்படும் பழைய படிவத்தில் மதிப்பீட்டாளர் கையெழுத்திடும்போது, வீட்டின் உள்ளும் புறமும் முழுமையாகப் பார்த்ததாக உறுதி சொல்கிறார். அதோடு அந்த வட்டாரத்தைப் பார்த்ததாகவும், ஒப்பிட எடுத்துக்கொண்ட விற்பனை வீடுகளைத் தெருவிலிருந்தாவது பார்த்ததாகவும் சொல்கிறார். இரண்டு தெரு தள்ளியுள்ள ரயில் பாதையின் இரைச்சலும், எதிர்வரிசையில் பூட்டிக் கிடக்கும் வீடுகளும் அவர் கண்ணிலும் காதிலும் படுகின்றன. இதன் குறை காத்திருப்பும் செலவும். மதிப்பீட்டாளர்கள் குறைவாக உள்ள கிராமப்புறங்களில் ஒருவர் வந்து சேர்வதற்குள் கடன் வட்டிக்குக் கிடைத்த வாக்குறுதியின் கெடுவே முடிந்துவிடலாம். அந்தத் தவிப்பை நான் குறைத்துச் சொல்லமாட்டேன்.

ஹைப்ரிட் முறை அந்த இடைவெளியை நிரப்ப வந்தது. சேகரிப்பாளர் பின்னணிச் சோதனைக்கும் பயிற்சிக்கும் உட்பட்டவர். வீட்டுத் தரகராகவோ காப்பீட்டு ஆய்வாளராகவோ, மதிப்பீட்டுத் தொழில் பழகுபவராகவோ இருக்கலாம். வகுத்துவைத்த கேள்விகளுக்குப் பதில் நிரப்புகிறார், படமெடுக்கிறார், தரைப்படம் வரைகிறார். நேர்த்தியான, ஒரே சீரான தரவு கிடைக்கிறது என்பது உண்மை. சலிப்படைந்த மதிப்பீட்டாளர் எடுக்கும் பத்துப் படங்களைவிட இவர் எடுக்கும் படங்கள் அதிகமாகவே இருக்கும்.

சிக்கல், கேள்விப் பட்டியலில் இல்லாததைக் கேட்க யார் இருக்கிறார்கள் என்பதில்தான். ஃபேனி மே 2022 ஏப்ரல் 1 முதல் வீட்டின் பரப்பைக் கணக்கிட அன்சி இசட்765 என்ற அளவீட்டு முறையைக் கட்டாயமாக்கியது. அதன்படி ஓர் அறை பரப்பில் சேரக் கூரை உயரம் ஏழு அடி வேண்டும். சரிவுக் கூரை அறையானால் பாதிப் பரப்பிலாவது ஏழு அடி இருக்க வேண்டும். ஐந்தடிக்குக் கீழ் இறங்கிய பகுதி பரப்பில் சேராது. நிலமட்டத்துக்குக் கீழே ஒரு பகுதி மட்டும் புதைந்திருந்தாலும் அந்தத் தளம் முழுவதும் தனிக்கணக்கு. நாற்புறமும் நேர்ச்சுவர் எழுப்பிய புது வீட்டில் இது ஒரு பிரச்சினையே இல்லை. கைப்பேசி ஸ்கேன் போதும். எங்கள் வீடு போன்றவற்றில் ஒவ்வோர் அறையிலும் ஒரு தீர்ப்புத் தேவைப்படுகிறது. தீர்ப்புச் சொல்லும் தகுதி உள்ளவர் அங்கே இல்லை, அங்கே இருப்பவருக்கு அந்த அதிகாரம் இல்லை.

டெஸ்க்டாப் முறை கோவிட் காலத்தில் தற்காலிகமாக வந்து, 2022 மார்ச்சில் நிரந்தரமானது. பேப்பரில் பார்த்தால் ஹைப்ரிட்டைவிட இது மோசம்: தகவல் தருபவர் வீட்டை விற்கும் தரகராகவே இருக்கலாம். ஆனால் விதி அதை மறைக்கவில்லை. விற்பனையில் ஆதாயம் உள்ளவர் சொன்னதை வேறொருவரிடம் சரிபார்க்க வேண்டும் என்று மதிப்பீட்டாளருக்குக் கட்டளை இருக்கிறது. தகவலைச் சந்தேகத்தோடு பார்க்கச் சொல்லும் முறை எனக்குப் பிடிக்கிறது.

என் மனத்தைக் கலக்குவது நான்காவது வழி. விற்பனை விலை ஃபேனி மே அல்லது ஃப்ரெடி மேக்கின் கணினிக் கணிப்போடு ஒத்துப்போனால் அதை அப்படியே ஏற்பார்கள். சேகரிப்பாளர் வீடு இருக்கிறதா, சேதமில்லாமல் இருக்கிறதா என்று மட்டும் பார்த்து வருவார். மதிப்பு பற்றிய பொறுப்பிலிருந்து கடன் கொடுத்தவருக்கு விலக்குக் கிடைக்கிறது. வாங்குபவருக்கு என்ன கிடைக்கிறது? ‘இந்த விலை அதிகம்’ என்று சொல்லக்கூடிய ஒரே நடுநிலையாளர் போய்விட்டார். வீடு வாங்குவோருக்கான கடன்களில் இந்த வழியில் பெறக்கூடிய கடனின் உச்சவரம்பை விலையில் 97 சதவீதம் வரை உயர்த்துவதாக, அவ்விரு நிறுவனங்களையும் கண்காணிக்கும் கூட்டாட்சி வீட்டு நிதி முகமை 2024 அக்டோபரில் அறிவித்தது. கையிலிருந்து மூன்று சதவீதம் மட்டுமே போட்டு வீடு வாங்குபவரே விலைச் சரிவை முதலில் தாங்குகிறவர். அவருக்குத்தான் அந்த நடுநிலைக் குரல் எல்லோரையும்விட அதிகம் தேவை.

மதிப்பீட்டாளர் நேரில் வராததே நல்லது என்னும் எதிர்த்தரப்புக்கு ஒரு கனமான வாதம் உண்டு, அதை நான் மதிக்கிறேன். ஃப்ரெடி மேக் 2021இல் வெளியிட்ட ஆய்வில், ஒப்பந்த விலைக்குக் கீழே மதிப்பிடப்பட்ட வீடுகள் வெள்ளையர் பகுதிகளில் 7.4 சதவீதம், கறுப்பினத்தவர் பகுதிகளில் 12.5, லத்தீனோ பகுதிகளில் 15.4. கலிஃபோர்னியாவின் மரின் சிட்டியில் ஒரு கறுப்பினத் தம்பதியின் வீடு 9.95 லட்சம் டாலருக்கு மதிப்பிடப்பட்டது; குடும்பப் படங்களை அகற்றி, வெள்ளையரான தோழியை வீட்டில் நிறுத்தியபோது 14.82 லட்சம் டாலர் என்று வந்தது. வீட்டுக்காரரைப் பாராமல் விலை சொல்பவருக்கு அந்தப் பாகுபாடு காட்டும் வாய்ப்புக் குறைவு. இருந்தும், ஒப்பிட எடுக்கும் விற்பனைகள் காலங்காலமாகக் குறைத்து மதிப்பிடப்பட்ட அதே வட்டாரத்திலிருந்து வரும்போது, கண்ணைக் கட்டிக்கொள்வதால் பாதி நோய்தான் தீரும்.

என் தேர்வு இது. புதிய, சீரான குடியிருப்பில் பாதி கடனை அடைத்தவர் மறுகடன் வாங்கும்போது ஹைப்ரிட் போதும், மனமார ஏற்கலாம். பழைய வீடு, சரிவுக் கூரை, பாதி புதைந்த தளம், பின்னால் சேர்த்துக் கட்டிய அறை எதுவானாலும் முழு மதிப்பீட்டைக் கேட்டு வாங்க வேண்டும். முதல் வீட்டைக் குறைந்த முன்பணத்தில் வாங்குபவர் நான்காவது வழியில் மிச்சமாகும் சில நூறு டாலரை மிச்சமாக நினைக்கக் கூடாது.

சேகரிப்பு வேலையை யாரிடம் கொடுப்பது என்பதிலும் எனக்குத் தெளிவான கருத்து உண்டு. சான்று பெற்ற குடியிருப்பு மதிப்பீட்டாளர் ஆக வழக்கமான பாதையில் 1,500 மணி நேரம் மேற்பார்வையில் உழைக்க வேண்டும். மேற்பார்வைக்கு இசையும் மூத்தவர் கிடைக்காமலே பல இளைஞர்கள் திரும்பிப் போகிறார்கள். எங்கள் வீட்டுக்கு வந்த அந்த இளைஞர் ஒரு மதிப்பீட்டாளரிடம் தொழில் பழகுபவராக இருந்திருந்தால், மாடிப்படியில் நின்று தன் ஆசானுக்கு ஒரு போன் செய்திருப்பார். கூரைச் சரிவில் எங்கே நாடாவை வைப்பது என்று அன்றே கற்றும் இருப்பார்.