டீமக்ஸ்: நெட் நிலைக்காத ஊரிலிருந்து சர்வர் பார்ப்பவர்களுக்கு

மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி, வேதாரண்யம் பக்கங்களில் வீட்டிலிருந்தபடியே வெளியூர் சர்வர்களைப் பராமரிப்பவர்களுக்கு ஐப்பசியும் கார்த்திகையும் சோதனையான மாதங்கள். மும்பை டேட்டா சென்டரில் இருக்கும் சர்வருக்கு மின்தடை என்றால் என்னவென்றே தெரியாது. நம் தெருவில் கம்பத்துக்குக் கம்பம் தொங்கி வரும் ஃபைபர் வயரோ ஒரு தென்னை மட்டை விழுந்தாலே அறுந்துபோகும். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் கரையைக் கடந்தபோது இப்பகுதியில் பல ஊர்களுக்கு மின்சாரம் திரும்பவே நாள் கணக்கில் ஆயிற்று. அவ்வளவு பெரிய சேதம் வேண்டியதில்லை. சாதாரண மழை நாளில் கரண்ட் போய் ரவுட்டர் அணைந்தாலே தொலைவிலுள்ள சர்வருக்குக் கட்டளை கொடுக்க உதவும் எஸ்எஸ்ஹெச் இணைப்பு துண்டிக்கப்பட்டு, பாதியில் நின்ற வேலையின் கதி என்னவென்று தெரியாமல் உட்கார்ந்திருக்க நேரிடும். இந்தக் கவலையைத் தீர்க்கும் கருவி என்ற முறையிலேயே டீமக்ஸை இங்கே மதிப்பிடுகிறேன்.

இணைப்பு போய்விட்டதை சர்வர் உணர்ந்ததும், அந்த டெர்மினலில் (கட்டளை தட்டும் திரையில்) ஓடிக்கொண்டிருந்த நிரல்களுக்கு 'ஹேங்கப்' என்னும் சிக்னல் போகிறது. அதைப் பொருட்படுத்தாமல் இருக்கும்படி எழுதப்படாத நிரல்கள் அங்கேயே முடிந்துவிடுகின்றன. டீமக்ஸ் சர்வரிலேயே தனியாக ஓடிக்கொண்டு, நம் கட்டளைகளை வாங்கி இயக்கும் ஷெல்லைத் தன் பொறுப்பில் வைத்துக்கொள்கிறது. நாம் பார்ப்பது அதன் திரையை மட்டுமே. திரை போனாலும் ஷெல் போவதில்லை. நிக்கோலஸ் மாரியட் 2007இல் வெளியிட்ட இந்த நிரல் 2009இல் ஓப்பன்பிஎஸ்டி இயங்குதளத்தின் அடிப்படைத் தொகுப்பிலேயே சேர்ந்தது. இதே வேலையைச் செய்யும் க்னூ ஸ்கிரீன் 1987 முதலே இருக்கிறது. ஆனால் லினக்ஸ் நிறுவனமான ரெட்ஹேட் தன் எண்டர்பிரைஸ் லினக்ஸ் 8ஆம் பதிப்பில் ஸ்கிரீனை விலக்கிவிட்டு டீமக்ஸையே பரிந்துரைத்தது. புதிதாகக் கற்பவர்களுக்கு நானும் அதையே சொல்வேன்.

கற்க வேண்டியதும் மிகக் குறைவு. 'டீமக்ஸ் நியூ' என்ற கட்டளையோடு எஸ் என்ற ஆப்ஷனையும் ஒரு பெயரையும் கொடுத்தால் செஷன், அதாவது டீமக்ஸ் காத்துவைக்கும் வேலையமர்வு, பிறக்கும். கண்ட்ரோல் விசையோடு பி எழுத்தை அழுத்தி விட்டுவிட்டு, டிட்டாச் என்பதன் முதலெழுத்தை அழுத்தினால் செஷனை ஓடவிட்டு நாம் மட்டும் வெளியே வரலாம். 'டீமக்ஸ் எல்எஸ்' எத்தனை செஷன்கள் உள்ளன என்று காட்டும். 'டீமக்ஸ் அட்டாச்' மீண்டும் உள்ளே கொண்டுபோகும். வேலைக்கேற்ற பெயர் வைப்பதை மட்டும் வழக்கமாக்கிக்கொள்ள வேண்டும். பெயரில்லாத செஷன்களுக்கு 0, 1, 2 என்று எண்களே கிடைப்பதால், அவசரத்தில் எது எதுவென்று தெரியாது.

அரிசி ஆலை ஒன்றின் கணக்கு டேட்டாபேஸைப் புது சர்வருக்கு மாற்றிய மாலையில் இதன் அருமையை முழுமையாக உணர்ந்தேன். பழைய பேக்கப்பை 'பிவி' என்ற சிறு நிரலின் வழியாக மைஎஸ்க்யூஎல்லுக்குள் செலுத்திக்கொண்டிருந்தபோது, அதன் முன்னேற்றக் கோடு பாதியைத் தாண்டிய வேளையில் தெருவே இருண்டது. கைப்பேசியில் டெர்மினல் தரும் டெர்மக்ஸ் செயலியைத் திறந்து, மொபைல் நெட்டிலேயே சர்வருக்குள் நுழைந்து அட்டாச் செய்தவுடன், அதே கோடு அந்தச் சிறு திரைக்கேற்பச் சுருங்கி நகர்ந்துகொண்டிருந்தது. எந்த வரியும் விடுபடவில்லை, எதையும் மறுபடி தொடங்க வேண்டியிருக்கவில்லை.

இதற்கு, ஹேங்கப் சிக்னலைப் பொருட்படுத்தாமல் நிரலை ஓடவைக்கும் நோஹப் கட்டளை போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி கேட்காத வேலைக்கு நோஹப் போதும். ஆனால் மென்பொருள்களைப் புதுப்பிக்கும் 'ஆப்ட் அப்கிரேடு' நடுவில் நின்று, பழைய கான்ஃபிக் (அமைப்புக்) கோப்பை வைத்துக்கொள்ளவா, புதியதை எடுக்கவா என்று கேட்கும். அதற்குப் பதில் சொல்ல ஒரு டெர்மினல் இருந்தாக வேண்டும். உபுண்டு லினக்ஸில் ஒரு பதிப்பிலிருந்து அடுத்ததற்கு உயர்த்தும் கட்டளை தானாகவே ஸ்கிரீனுக்குள் ஓடுவதும் இந்த ஆபத்தை அறிந்தே. எஸ்எஸ்ஹெச்சுக்கு மாற்றாகப் பயன்படும் மாஷ் என்னும் கருவி நெட் மாறினாலும் இணைப்பைக் காக்கும், டைப் செய்யும்போது தாமதம் தெரியாமலும் பார்த்துக்கொள்ளும். ஆனால் மடிக்கணினியே அணைந்துவிட்டால் வேறொரு கருவியிலிருந்து அந்த மாஷ் செஷனைப் பிடிக்க வழியில்லை. மாஷுக்குள் டீமக்ஸை ஓட்டுவதே டெல்டாவுக்குப் பொருத்தமான ஏற்பாடு. அதற்கு ஃபயர்வாலில் யூடிபி 60000 முதல் 61000 வரையிலான போர்ட்டுகளில் (இணைப்பு வாசல்களில்) சிலவற்றையாவது திறந்துவைக்க வேண்டும்.

குறைகளும் உண்டு. ஒவ்வொரு சாளரத்துக்கும் 2000 வரிகள் மட்டுமே நினைவில் வைத்திருக்கும் இயல்பு அமைப்பு சர்வர் வேலைக்குப் போதவே போதாது. நீளமான லாக் ஒன்று ஓடினால் முதல் பிழைச்செய்தி மறைந்துவிடும். கான்ஃபிக் கோப்பில் 'ஹிஸ்டரி-லிமிட்' அளவைக் கூட்டலாம், ஆனால் அது அதன்பின் திறக்கும் சாளரங்களுக்கே பொருந்தும். 'மவுஸ் ஆன்' என்ற அமைப்பைச் சேர்க்காத வரை சக்கரத்தைச் சுழற்றி மேலே போகவும் முடியாது. நுழைவுச் சாவிகளை நினைவில் வைத்திருக்கும் எஸ்எஸ்ஹெச் ஏஜென்டைப் பயன்படுத்துவோருக்கு இன்னொரு தொல்லை: மீண்டும் அட்டாச் செய்தபின், ஏற்கெனவே திறந்திருக்கும் ஷெல் பழைய ஏஜென்ட் முகவரியையே பிடித்துக்கொண்டிருப்பதால் புதிய நிரல்வரிகளை இறக்கும் கிட் புல் போன்றவை அனுமதி மறுக்கப்பட்டு நிற்கும். ரூட் (சர்வரின் முழு) அதிகாரத்தோடு திறந்த செஷனை மறந்துவிட்டுப் போவதோ குறையைவிடப் பெரிய ஆபத்து. அந்தக் கணக்கில் நுழையும் எவரும் கடவுச்சொல் இல்லாமலே ரூட் ஆகிவிடலாம்.

வெப்சைட்டின் பின்னணி நிரலையே டீமக்ஸுக்குள் ஓடவிட்டுப் போகும் பழக்கத்தையும் பல இடங்களில் காண்கிறேன். சர்வர் ரீபூட் ஆனால் செஷன்கள் அனைத்தும் போய்விடும். நிரந்தரமாக ஓட வேண்டியவற்றை லினக்ஸில் சேவைகளைத் தொடங்கி நிர்வகிக்கும் சிஸ்டம்டியின் சர்வீஸாக எழுதிவைப்பதே முறை.

சிஸ்டம்டியின் 230ஆம் பதிப்பு முதல், லாக்அவுட் ஆனதும் டீமக்ஸ் உட்படப் பயனரின் நிரல்கள் அனைத்தையும் முடித்துவிடும் அமைப்பு ஒன்று மூலப் பதிப்பில் இயல்பாகவே இயக்கப்பட்டிருக்கிறது. டெபியனும் உபுண்டுவும் அதை அணைத்தே தருகின்றன; எல்லா லினக்ஸும் அப்படியல்ல. எனவே சர்வர் கைக்கு வந்த அன்றே ஒரு செஷன் திறந்து, டிட்டாச் செய்து, முழுதாக லாக்அவுட் ஆகி, மறுபடி நுழைந்து 'டீமக்ஸ் எல்எஸ்' கொடுத்துப் பாருங்கள். செஷன் காணாமல் போயிருந்தால் 'லாகின்சிடிஎல்' கட்டளையில், லாக்அவுட்டுக்குப் பின்னும் நிரல்கள் ஓட வழிசெய்யும் 'எனேபிள்-லிங்கர்' என்பதை உங்கள் கணக்குக்குச் செயல்படுத்திவிட்டு, 'சிஸ்டம்டி-ரன்' வழியாக டீமக்ஸைத் தொடங்க வேண்டும்.