படுக்கையைக் காட்டி வண்டியை விற்கிறார்கள்: பழைய கேம்பர் வேன் வாங்கப் போகிறவர்களுக்கு

தருமபுரியில் ஒரு குடும்பம். கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள், ஒரு பாட்டி. சனிக்கிழமை மதியம் கிளம்பி ஒகேனக்கல், ஏற்காடு, ஏலகிரி என்று எங்காவது ஒரு ராத்திரி தங்கிவிட்டு ஞாயிறு மாலை திரும்பலாம் என்று பழைய டெம்போ டிராவலர் ஒன்றை வாங்கினார்கள். உள்ளே கட்டில் போட்டு கேம்பர் வேனாக மாற்றிய வண்டி. ஓசூர்ப் பக்கம் ஓர் ஆட்டோ கன்சல்டிங்கில் பத்தரை லட்சம். கர்நாடகப் பதிவு, வெள்ளை போர்டு, மீட்டரில் 82,000 கிலோமீட்டர். மெத்தை, சீரியல் விளக்கு, சின்ன ஃபிரிட்ஜ், சிங்க், கூரையில் ஏசி. "ராத்திரி முழுக்க ஏசி ஓடும்ணா, 200 ஏஎச் லித்தியம் போட்டிருக்கு. பேப்பர் கிளியர், பேர் மாத்துறது ஒண்ணுதான் பாக்கி" என்றார் புரோக்கர்.

மூன்றே மாதத்தில் எல்லாம் வெளுத்தது. ஆர்சியில் அது இன்னமும் 12+1 மேக்ஸி கேப், அதாவது மஞ்சள் போர்டு வண்டி. போர்டில் மட்டும் வெள்ளை பெயின்ட். ஃபைனான்ஸ் கடன் அடைந்திருந்தும் ஆர்சியில் எச்பி, அதாவது கடன் பதிவு, நீக்கவில்லை. சேஸிஸ் நம்பரைக் கம்பெனி சர்வீஸ் சென்டரில் கொடுத்துக் கேட்டால் கடைசி சர்வீஸில் பதிவானது 2,41,000 கிலோமீட்டர். பேட்டரி லித்தியமே இல்லை. கட்டிலுக்குக் கீழே தரைத் தகடு, கட்டைவிரலால் அழுத்தினால் உள்ளே போகிற அளவுக்குத் துரு. கடையின் பெயர் இங்கே வேண்டாம்; இந்த மாதிரி வண்டி எங்கே வேண்டுமானாலும் நிற்கலாம், அதைக் கண்டுபிடிக்கிற வழிதான் முக்கியம்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். விற்பவர் கதவைத் திறந்ததும் உங்களை மெத்தையில்தான் உட்கார வைப்பார். பிள்ளைகள் மேல் படுக்கையில் ஏறிவிடும். அதற்குப் பிறகு குனிந்து வண்டிக்கு அடியில் பார்க்க யாருக்கும் மனசு வராது. அதனால் குடும்பத்தை முதல் நாள் கூட்டிப் போகாதீர்கள். முதலில் காகிதம், அடுத்து அடிப்பக்கம், பிறகு இன்ஜின், பிறகு எடை மேடை. கட்டில் கடைசி.

காகிதத்தை வீட்டிலிருந்தே பார்த்துவிடலாம். எம்பரிவாகன் செயலியில் வண்டி நம்பரைப் போட்டால் வாகன வகை, எத்தனையாவது ஓனர், எஃப்சி (தகுதிச் சான்று), இன்சூரன்ஸ், வரி, ஃபைனான்ஸ் விவரம் வரும். நாம் பார்க்க வேண்டிய வார்த்தை வாகன வகை. சொந்த உபயோகத்துக்கு மாற்றிய வண்டியென்றால் 'ஆம்னி பஸ் (சொந்த உபயோகம்)', 'மோட்டார் கேரவன்', 'கேம்பர் வேன்' என்கிற மாதிரி இருக்க வேண்டும். 'மேக்ஸி கேப்' என்று இருந்தால் பெர்மிட் சரண்டர், வரி வித்தியாசம், வகை மாற்றம் மூன்றும் இன்னும் நடக்கவில்லை. போக்குவரத்து வண்டிக்கு எட்டு வருடம் வரை இரண்டு வருடத்துக்கு ஒரு முறையும், அதற்கு மேல் வருடா வருடமும் எஃப்சி காட்ட வேண்டும். கட்டிலும் அலமாரியுமாக நிற்கிற வண்டியை 12+1 சீட் ஆர்சியோடு எஃப்சிக்குக் கொண்டுபோனால் என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை. மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு, ஆர்சியில் உள்ள விவரத்துக்கு முரணாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதியாகச் சொல்லிவிட்டது. மோட்டார் கேரவனுக்கென்றே ஏஐஎஸ் 124 என்று தனித் தரநிலை இருக்கிறது. மாற்றம் செய்த இடத்தின் பில், ஆர்டிஓ ஒப்புதல் இரண்டையும் கேளுங்கள். "அதெல்லாம் யாரும் கேக்க மாட்டாங்க சார்" என்று பதில் வந்தால், கேட்கப் போகிறவர் இன்சூரன்ஸ் சர்வேயர், அதுவும் விபத்துக்குப் பிறகு.

கர்நாடக வண்டியென்றால் அந்த ஆர்டிஓவிடமிருந்து என்ஓசி என்கிற தடையில்லாச் சான்று, அதாவது படிவம் 28. பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. ஃபைனான்ஸ் இருந்திருந்தால் படிவம் 35ம் கடன் கொடுத்தவர் கடிதமும். வண்டி இங்கே 12 மாதத்துக்கு மேல் நின்றால் டிஎன் நம்பர் வாங்கியே ஆக வேண்டும். அதற்கு இங்கே மறுபடி வரி கட்டி, அங்கே கட்டியதில் மீதிக் காலத்துக்கானதைத் திரும்பக் கேட்டு விண்ணப்பிக்க வேண்டும். இந்தச் செலவை விலையோடு சேர்த்துக் கணக்குப் போடாமல் 'சீப்பா கிடைச்சுது' என்று சொல்வதில் அர்த்தமில்லை. சேஸிஸ் நம்பரை ஒரு தாள் வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்து ஆர்சியோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள்.

மீட்டரை நம்பாதீர்கள். பெங்களூரு எலக்ட்ரானிக் சிட்டி, ஓசூர் சிப்காட் பக்கம் கம்பெனி ஷிப்ட் அடிக்கிற வண்டி ஒரு நாளைக்கு 130 கிலோமீட்டர், மாதம் 25 நாள் என்று வைத்தாலே வருடம் 39,000 ஆகிறது. ஆறு வருடத்தில் இரண்டேகால் லட்சத்தைத் தாண்டும். இதைக் கண்டுபிடிக்க ஓர் எளிய வழி: விற்பவரிடம் ஃபாஸ்டேக் கணக்கைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். அத்திப்பள்ளி டோல் தினமும் இரண்டு தடவை பதிவாகியிருந்தால் அது ஷிப்ட் வண்டி. காட்ட மறுத்தாலும் பதில் கிடைத்த மாதிரிதான். கிளட்ச், பிரேக் பெடல் ரப்பர் புத்தம் புதிதாக இருந்தாலும் சந்தேகப்படுங்கள். 82,000 ஓடிய வண்டிக்குப் பெடல் ரப்பர் மாற்ற வேண்டிய தேவை இல்லை.

இனி தரை. கேம்பரில் ஏமாற்று ஒளிந்திருக்கிற இடமே இதுதான். தகட்டுக்கு மேல் பிளைவுட், அதற்கு மேல் வினைல். நடுவில் ஈரம் மாட்டினால் வெளியே போக வழியில்லை. சிங்க் கசிவு, ஏசி தண்ணீர், மழைக்கால ஷூ எல்லாம் அங்கேதான் தேங்கும். கட்டில் கால்களைப் பிடிக்க மேலிருந்து ஸ்க்ரூ அடித்திருப்பார்கள். ஒவ்வொரு ஓட்டையும் கீழிருந்து சக்கரம் வாரியடிக்கிற தண்ணீருக்கு ஒரு வாசல். சில வண்டிகளில் அந்த ஸ்க்ரூ டீசல் பைப்புக்கும் பிரேக் பைப்புக்கும் ஒரு விரல் தூரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும். ரேம்ப்பில் ஏற்றி டார்ச்சோடு அடியில் போங்கள். பின்சக்கர வளைவு, படிக்கட்டுப் பெட்டி, தண்ணீர்த் தொட்டிக்கு நேர் கீழே, இந்த மூன்று இடத்தையும் ஸ்க்ரூடிரைவர் கைப்பிடியால் தட்டினால் நல்ல தகடு கணீரென்கும், துரு பிடித்தது மொத்தென்கும். அடிப்பக்கம் முழுக்க கறுப்புக் கோட்டிங் பளபளவென்று புதிதாக இருந்தால், எதை மறைக்க அடித்தார்கள் என்று கேளுங்கள். பக்கவாட்டில் ஒரு சின்னக் காந்தத்தைத் துணியில் சுற்றி ஓட்டிப் பாருங்கள். பட்டி பார்த்த இடத்தில் ஒட்டாது. கூரையில் ஏசிக்காக வெட்டிய இடத்தில் ஹோஸ் பைப்பில் கால் மணி நேரம் தண்ணீர் விட்டு உள்ளே லைனிங்கைத் தடவுங்கள். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். நுனியில் சேற்றுக் கறை இருந்தால் வெள்ளத்தில் நின்ற வண்டி.

இன்ஜினைச் சூடேற்றி வைத்துக் காத்திருப்பார்கள். காலையில் முதல் ஸ்டார்ட் உங்கள் முன்னால் நடக்க வேண்டும். பானட்டைத் தொட்டுச் சில்லென்று இருக்கிறதா பாருங்கள். ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்தால் லேசான ஆவி பரவாயில்லை. குப்குப்பென்று அடித்தால் பேக் கம்ப்ரஷன், அதாவது பிஸ்டன் பக்கமாக அழுத்தம் கசிகிறது, இன்ஜின் வேலை வரும். நீலப் புகை ஆயில் எரிவது. சூடான பிறகும் இனிப்பு வாடையோடு வெள்ளைப் புகை நிற்காவிட்டால் ஹெட் கேஸ்கட் பக்கம் பாருங்கள்.

ஓட்டிப் பார்க்க நம் ஊரில் தொப்பூர் கணவாயைவிட நல்ல இடம் இல்லை. ஆனால் சேலம் பக்கமிருந்து தருமபுரிக்கு ஏற்றத்தில் மட்டும். பிரேக் நிலை தெரியாத வண்டியை இறக்கத்தில் சோதிப்பது முட்டாள்தனம். அங்கே லாரிகளே தவறுகின்றன. ஏற்றத்தில் டெம்பரேச்சர் முள் ஏறாமல் இருக்க வேண்டும், கிளட்ச் வழுக்கக் கூடாது. மேலே வந்து நிறுத்தியதும் நான்கு சக்கர மையத்தின் அருகிலும் உள்ளங்கையைக் கொண்டுபோங்கள், தொட வேண்டாம். ஒன்று மட்டும் மற்றவற்றைவிடச் சுட்டால் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது.

பிறகு எடை மேடை. கிரானைட் லாரிக்கும் மாங்காய் லோடுக்கும் இருப்பதால் கிருஷ்ணகிரியைச் சுற்றி எங்கும் கிடைக்கும். தொட்டியை நிரப்பி, டீசல் நிரப்பி, முழு வண்டியையும், பிறகு பின் ஆக்ஸிலை மட்டும் தனியாகவும் போடுங்கள். 18 மில்லிமீட்டர் பிளைவுட் எட்டுக்கு நாலு ஷீட் ஒன்று ஏறக்குறைய 35 கிலோ. எட்டு ஷீட் போட்டிருந்தால் 280. நூறு லிட்டர் தண்ணீர் நூறு கிலோ. வீட்டு இன்வெர்ட்டருக்குப் போடுகிற டியூபுலர் (ஈய-அமில) பேட்டரி இரண்டு சேர்ந்தால் நூறு கிலோவைத் தாண்டும். இவ்வளவும் பின் ஆக்ஸிலுக்குப் பின்னால் குவிந்திருந்தால் முன்பக்கம் லேசாகி, வளைவில் ஸ்டியரிங் மிதக்கும். எடைச் சீட்டை ஆர்சியில் உள்ள மொத்த எடையோடு ஒப்பிட்டு, உங்கள் ஐந்து பேருக்கும் சாமானுக்கும் 400 கிலோ மிச்சம் இருக்கிறதா பாருங்கள்.

பேட்டரிக் கதை தனி. 12.8 வோல்ட் 200 ஏஎச் (ஆம்பியர்-ஹவர்) லித்தியம் உண்மையாகவே இருந்தாலும் அதில் இருப்பது 2,560 வாட்-ஹவர். இன்வெர்ட்டர் இழப்பு போக 2,300. ஒரு டன் சாதாரண ஏசி 1,100 வாட் இழுத்தால் இரண்டு மணி நேரம். இன்வெர்ட்டர் ஏசி அடங்கி 450 வாட்டில் ஓடினால் ஐந்து மணி நேரம். 'ராத்திரி முழுக்க' என்பது கணக்கிலேயே இல்லை. ஏற்காட்டில் ஏசியே வேண்டாம். ஏப்ரல் மாத ஒகேனக்கல் ராத்திரிக்குத்தான் வேண்டும், அங்கேதான் அது கைவிடும். மாறாக 25 வாட் டிசி ஃபேன் இரண்டு, எட்டு மணி நேரத்துக்கு 400 வாட்-ஹவர், சின்ன கம்ப்ரஸர் ஃபிரிட்ஜ் ஒரு நாளைக்கு 450, விளக்கும் செல்போன் சார்ஜும் 150 என்று ஆயிரத்தில் குடும்பம் நிம்மதியாகத் தூங்கலாம்.

பெட்டியைத் திறந்து பேட்டரியைக் கண்ணால் பாருங்கள். அந்தக் குடும்பத்துக்கு லித்தியம் ஸ்டிக்கர் ஒட்டிய மூடிக்குள் இருந்தது வீட்டு இன்வெர்ட்டரின் பழைய டியூபுலர். அதில் பாதிக்கு மேல் எடுத்தால் ஆயுள் குறையும். சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வரும், காற்றுப் போக்கு இல்லாமல் கட்டிலுக்கு அடியில் வைக்கக் கூடாத பொருள். லித்தியத்தில் வோல்ட் கிட்டத்தட்ட ஒரே அளவில் நிற்பதால் மீட்டர் காட்டி ஏமாற்றுவது சுலபம். 300 வாட் லோடு கொடுத்துக் குறைந்தது மூன்று மணி நேரம் ஓடவிட்டால் வண்டவாளம் தெரிந்துவிடும். 2,000 வாட் இன்வெர்ட்டர் 12 வோல்ட்டில் 170 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். அதற்கு 50 சதுர மில்லிமீட்டர் வயராவது வேண்டும், பேட்டரியை ஒட்டியே ஃபியூஸ் வேண்டும். அந்த வண்டியில் 16 சதுர மில்லிமீட்டர், ஃபியூஸே இல்லை. லோடு கொடுத்துப் பத்து நிமிடத்தில் வயரைத் தொட்டுப் பாருங்கள்.

உயிர் போகிற விஷயம் புகை. 2024 டிசம்பரில் கேரளத்தில் வடகரை அருகே நிறுத்தியிருந்த கேரவனுக்குள் இரண்டு பேர் இறந்துகிடந்தார்கள். ஜெனரேட்டரிலிருந்து வந்த கார்பன் மோனாக்சைடுதான் காரணம் என்று தெரிந்தது. அதற்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. பெட்டிக்குள் ஜெனரேட்டர் வைத்த வண்டி வேண்டவே வேண்டாம். இன்ஜினை ஓடவிட்டு ஏசி போட்டுத் தூங்குவதும் அதே ஆபத்துதான், தரையில் துரு ஓட்டை இருந்தால் இன்னும் மோசம். கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்றை முதல் பயணத்துக்கு முன்பே மாட்டுங்கள். காஸ் 5 கிலோ சிலிண்டராக இருக்கட்டும். எல்பிஜி காற்றைவிடக் கனம், கசிந்தால் தரையில் தேங்கும், ஆகவே சிலிண்டர் அலமாரியின் அடியில் வெளியே திறக்கிற ஓட்டை இருக்க வேண்டும். சிலிண்டர் வளையத்தில் உள்ள எழுத்தும் வருடமும் சோதனைத் தேதி: ஏ என்றால் ஜனவரி முதல் மார்ச் வரை, டி என்றால் அக்டோபர் முதல் டிசம்பர் வரை.

உட்கார்கிற பெஞ்சைப் பிடித்து முழுப் பலத்தோடு ஆட்டுங்கள். பிளைவுட்டில் மட்டும் ஸ்க்ரூ அடித்த சீட்டில் பெல்ட் இருந்தும் பயனில்லை. எத்தனை பேர் போகிறீர்களோ அத்தனை பெல்ட், பாடியில் போல்ட் போட்டது, இல்லாவிட்டால் பாட்டியும் பிள்ளைகளும் அந்த வண்டியில் ஏறக் கூடாது.

பணம் பேங்க் மூலமாக மட்டும். டெலிவரி நோட்டில் தேதியோடு மணியும் எழுதுங்கள், அதற்கு முந்தைய சலானும் விபத்தும் பழைய ஓனர் தலையில். பெயர் மாறுகிற வரை ஒன்றரை லட்சமாவது நிறுத்தி வைக்க ஒப்புக்கொள்ளாத கடையில் டோக்கன் அட்வான்ஸ்கூடக் கொடுக்காதீர்கள். ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள் 1915 எண்ணில் புகார் பதியலாம், மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு இரண்டு வருடத்துக்குள் போகலாம். அங்கே உதவுவது சொன்ன வார்த்தை அல்ல, எழுதியது. '82,000 கிலோமீட்டர், லித்தியம், பேப்பர் கிளியர்' என்று போட்டிருந்த விளம்பரத்தையும் வாட்ஸ்அப் பேச்சையும் வாங்குவதற்கு முன்பே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். வண்டி கைமாறிய அன்றே அவர்கள் முதலில் அழிப்பது அந்த விளம்பரத்தைத்தான்.