மனநலச் சேவையின் திட்டக் குழு: இரண்டு வருடம் உட்கார்ந்து பார்த்தது

என் அண்ணன் சிகிச்சை எடுக்கும் பொது மனநலச் சேவையில், அடுத்து என்னென்ன செய்யலாம் என்று மக்களையும் கேட்டு முடிவு செய்ய ஒரு திட்டக் குழு வைத்திருக்கிறார்கள். பயனாளி என்று அவரும் குடும்பத்தார் என்று நானும் இரண்டு வருடம் அதில் இருந்தோம். டாக்டரைப் பற்றியும் மாத்திரையைப் பற்றியும் நிறையப் பேர் எழுதுகிறார்கள், இந்தக் குழுவைப் பற்றி ஒருவரும் எழுதிப் பார்த்ததில்லை.

முதல் வருடம் வீண். கூட்டம் வேலை நாளில், காலையில். ராத்திரி போட்ட மாத்திரையின் அசதி பலருக்கு அப்போது தெளிந்தே இருக்காது. போய் உட்கார்ந்தால் திட்டம் அச்சாகி, எதற்கு எவ்வளவு பணம் என்பதும் முடிவாகி, கையில் கொடுத்துக் கருத்துக் கேட்டார்கள். ராத்திரியில் நிலைமை மோசமானால் கூப்பிட ஒரு நம்பர்கூட இல்லாதபோது புதுக் கட்டிடம் எதற்கு என்று அண்ணன் கொஞ்சம் கோபமாகத்தான் கேட்டார். அதற்கு ஓர் அதிகாரி என் பக்கம் திரும்பி, "மாத்திரையெல்லாம் ஒழுங்கா சாப்பிடுறாரா?" என்றார். அண்ணன் அப்புறம் வாயே திறக்கவில்லை.

மக்கள் பங்கேற்பைப் பற்றி எழுதிய அமெரிக்க ஆய்வாளர் ஷெர்ரி ஆர்ன்ஸ்டைன் 1969-ல் அதை எட்டுப் படி உள்ள ஏணியாகக் காட்டினார். கீழிருந்து இரண்டாவது படிக்கு அவர் வைத்த பெயரே 'சிகிச்சை'. திட்டமிட வாருங்கள் என்று கூப்பிட்டுவிட்டு, வந்தவர்களையே குணப்படுத்த வேண்டியவர்களாக நடத்துவது. வெறும் கருத்துக் கேட்பே அதற்கு இரண்டு படி மேலே இருக்கிறது. நாங்கள் அதைக்கூட எட்டவில்லை.

இரண்டாவது வருடம் புது ஒருங்கிணைப்பாளர் வந்தார். கூட்டம் மாலைக்கு மாறியது, வந்துபோகும் செலவைக் கொடுத்தார்கள், ஒன்றிரண்டு பயனாளிகள் இருந்த இடத்தில் ஆறு பேர் வந்தார்கள். இதெல்லாம் சரி, ஆனால் நிஜமான மாற்றம் பட்ஜெட் போடுவதற்கு முன்பே எங்களைக் கூப்பிட்டதுதான். ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிய முதல் சில வாரங்களில் தற்கொலை அபாயம் மிக அதிகம் என்பது டாக்டர்களுக்குத் தெரியாததா? ஆனாலும் அடுத்த அப்பாயின்ட்மென்ட் ஒரு மாதம் கழித்துத்தான் இருந்தது. டிஸ்சார்ஜ் ஆகி மூன்றாம் நாள் தனியாக உட்கார்ந்து என்னவெல்லாம் யோசித்தேன் என்று ஒரு பெண் அந்த மேஜையில் சொன்ன பிறகுதான், முதல் வாரத்திலேயே போன் செய்து பேசுவதற்கு ஆளும் பணமும் ஒதுக்கினார்கள். ராத்திரி நம்பரும் வந்தது.

குறை இன்னும் உண்டு. கூட்டக் குறிப்பு டாக்டர்களுக்குத்தான் புரியும், அங்கே பேசியவர்களுக்கே புரியாது. வீடில்லாமல் தெருவில் இருப்பவர்கள் சார்பாகப் பேச அந்த மேஜையில் ஒருத்தரும் இல்லை. கேட்டிருக்கிறோம், இன்னும் நடக்கவில்லை.

உங்களை இப்படி ஒரு குழுவுக்குக் கூப்பிட்டால் போங்கள். போனதும் முதலில் பட்ஜெட் எப்போது முடிவாகிறது என்று கேளுங்கள், கூச்சமே வேண்டாம். சுகாதாரத் திட்டமிடலில் பங்கெடுப்பது மக்களின் உரிமை, கடமையும்கூட என்று 1978-லேயே உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் கூட்டிய மாநாட்டின் அல்மா அட்டா பிரகடனத்தில் எழுதிவிட்டார்கள். ஏற்கெனவே முடிவாகிவிட்டது என்று பதில் வந்தால், அடுத்த வருடத்துக்கு எப்போது தொடங்குகிறார்கள் என்று தேதி வாங்கிக்கொண்டு வாருங்கள்.