நாலு வருஷம், ஐந்து ஆணி: பஞ்சர் கிட் எனக்கு எப்படி உழைத்தது

நான் என் கையால் முதன்முதலில் திரி (பஞ்சர் ஓட்டையை அடைக்கும் ரப்பர் கயிறு) போட்ட கார் டயர், அதற்குப் பிறகு 31,000 கி.மீ. ஓடிவிட்டுப் போன மாதம்தான் பட்டன் (ரோட்டில் படும் வெட்டுப்பகுதி) தேய்ந்து, வண்டியிலிருந்து கழன்றது. கழற்றிய கையோடு அதைத் திருப்பி உள்பக்கம் டார்ச் அடித்துப் பார்த்தேன். திரியின் மடிந்த முனை சுண்டுவிரல் நுனி அளவுக்கு எட்டிப்பார்த்துக்கொண்டு, ரப்பரோடு ரப்பராக ஒட்டிக் கிடந்தது. அந்தச் சக்கரத்துக்கு மற்ற மூன்றைவிட அதிகமாக ஒருநாளும் காற்று பிடித்ததில்லை.

'திரி எல்லாம் தற்காலிகம், ரெண்டு நாள்கூட நிக்காது' என்று சொல்கிறவர்களும் உண்டு, 'ஒரு கிட் இருந்தால் போதும், கடைக்கே போக வேண்டாம்' என்கிறவர்களும் உண்டு. நாலு வருஷத்தில் ஐந்து ஆணி வாங்கியவன் என்ற தகுதியில் சொல்கிறேன்: இரண்டு பேர் சொல்வதும் பாதிதான் சரி.

என் கிட் ரொம்பச் சாதாரணமானது. ஓட்டையைக் குடைந்து சீராக்க அரம் போல முள் வைத்த ரீமர், திரியை உள்ளே தள்ளக் கண் வைத்த ஊசி, பிசுபிசுப்பான பழுப்புத் திரிகள், ஒரு டியூப் பசை. கூடவே காரின் 12 வோல்ட் சாக்கெட்டில் செருகும் சின்ன கம்ப்ரஸர். ரீமரின் பிளாஸ்டிக் கைப்பிடி இரண்டாவது பஞ்சரிலேயே உடைந்து கையோடு வந்துவிட்டது. வாங்குவதானால் T வடிவ இரும்புக் கைப்பிடி உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். மற்றதில் விலை கூடியதற்கும் குறைந்ததற்கும் எனக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

டியூப்லெஸ் டயரில் ஆணியைப் பார்த்தவுடன் கை பரபரக்கும். பிடுங்காதீர்கள். குத்தின ஆணியே பாதி அடைப்பு. காற்று மணிக்கணக்கில் மெல்லத்தான் இறங்கும். பிடுங்கினால் அந்த நிமிஷமே சக்கரம் உட்கார்ந்துவிடும். கருவிகளையெல்லாம் எடுத்து வைத்து, திரியை ஊசியில் கோத்து, பசை தடவிய பிறகுதான் குறடு ஆணியைத் தொட வேண்டும். ஜாக்கும் எல்லா நேரமும் தேவைப்படாது. முன்சக்கரம் என்றால் ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுக்க ஒடித்து, ஆணி கைக்கு எட்டும் இடத்துக்கு வரும்வரை வண்டியை ஒரு அடி நகர்த்தினால் போதும். பின்சக்கரத்துக்குத்தான் பெரும்பாலும் கழற்ற வேண்டியிருந்தது.

கஷ்டமே ரீமர்தான். பட்டனுக்குக் கீழே எஃகுக் கம்பி அடுக்கு இருக்கிறது. அது ரீமரைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும். திருகித் திருகி, உடம்பின் மொத்த பாரத்தையும் கொடுத்தால்தான் இறங்கும். முதல் தடவை கால் மணி நேரம் மல்லுக்கட்டி உள்ளங்கை கொப்பளித்துவிட்டது. டயரில் கொஞ்சம் காற்று மிச்சம் இருந்தால் சுலபம். சுத்தமாக இறங்கிய டயர் அழுத்த அழுத்த உள்ளே வளைந்து போகும். அப்படியானால் முதலில் காற்றை ஏற்றிவிட்டு ஆரம்பிப்பேன். திரியை இரண்டு முனையும் ஒரு சென்டிமீட்டர் வெளியே தெரியும்வரை இறக்கி, ஊசியைத் திருப்பாமல் வெடுக்கென்று நேராக இழுக்க வேண்டும். தயங்கித் தயங்கி இழுத்தால் திரியும் கூடவே வந்துவிடும், எனக்கு வந்திருக்கிறது. நீட்டிக்கொண்டிருப்பதை மூன்று மில்லிமீட்டர் விட்டு வெட்டினேன்; மிச்சத்தை ரோடு தேய்த்துக்கொண்டது. கடைசியில் சோப்புத் தண்ணீர். குமிழி வரவில்லை என்றால் வேலை முடிந்தது. வால்விலும் இரண்டு சொட்டு விட்டுப் பாருங்கள். ஒருமுறை ஆணியைத் தேடித் தேடி அலுத்த பிறகு பார்த்தால் காற்று போனது வால்வு பின்னில்.

மூன்றாவது பஞ்சர் என் தப்பு. ஆணி சாய்வாக இறங்கியிருந்தது. நான் ரீமரை நேராக அழுத்தினேன். ஆணி போன வழியை விட்டுவிட்டு டயருக்குள் புதுசாக ஒரு வழி போட்டிருக்கிறேன். திரி நின்றது போலத்தான் தெரிந்தது, ஆனால் தினமும் காற்றழுத்தம் இரண்டு மூன்று பிஎஸ்ஐ குறைந்தது. ஒரு வாரம் காற்று அடித்து ஓட்டிவிட்டு, கடையில் டயரை ரிம்மிலிருந்து பிரித்து உள்பக்கமாகக் காளான் வடிவ பேட்ச் வைக்கச் சொன்னேன். தண்டு ஓட்டையை அடைக்கும், குடை உள்சுவரில் ஒட்டிக்கொள்ளும். ஈரம் எஃகுக் கம்பிக்குப் போய்த் துருப்பிடிக்கவும் வழியில்லை. முறையான ரிப்பேர் அதுதான் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. பிரித்து மாட்டியதால் வீல் பேலன்ஸிங்கும் பார்த்துக்கொண்டேன்.

நாலாவது ஆணி பட்டன் முடிந்து பக்கச்சுவர் ஆரம்பிக்கும் தோளில் இருந்தது. அந்த இடம் ஒவ்வொரு சுற்றுக்கும் மடிந்து நிமிர்கிறது. அங்கே எதுவும் நிற்காது, நிற்க வைக்கவும் கூடாது. ஆறு மில்லிமீட்டரைவிடப் பெரிய ஓட்டைக்கும் இதே கதிதான். ஸ்டெப்னியை மாட்டிக்கொண்டு போய் புது டயர் வாங்கினேன். வயிற்றெரிச்சல்தான், வேறு வழியில்லை.

ஐந்தாவதுதான் என்னை யோசிக்க வைத்தது. இரவில் வண்டி லேசாக இடதுபக்கம் இழுத்தது. ரோடு சரியில்லை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு நாலைந்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டேன். இறங்கிப் பார்த்தால் டயர் தரையோடு படிந்து கிடக்கிறது. காற்று ஏற்றி, திரி போட்டு, சோப்புத் தண்ணீர் விட்டுப் பார்த்தேன். ஒரு குமிழி இல்லை. அன்றைக்கு என் கை வேலையைப் பற்றிக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. மறுநாள் பேட்ச் வைக்கக் கொண்டுபோனபோது மெக்கானிக் டயரைப் பிரித்து, உள்ளே கைவிட்டு ஒரு பிடி கறுப்புத் தூளை அள்ளிக் காட்டினார்.

"அண்ணே, காத்து இல்லாம எவ்வளவு தூரம் ஓட்டுனீங்க?"

பக்கச்சுவரின் உள்பக்கம் வட்டமாக ஒரு வரி, விரலால் தடவினால் சொரசொரவென்று. ரிம்முக்கும் ரோட்டுக்கும் நடுவில் நசுங்கி, ரப்பர் தானே அரைபட்டு உதிர்ந்த தூள் அது. வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுமே தெரியாது. திரி கச்சிதமாக இருந்தது, செத்தது டயர். "இத வெச்சு ஹைவேல போயிடாதீங்க" என்று ஓரமாகப் போட்டுவிட்டார்.

அதிலிருந்து எனக்கு ஒரு கணக்கு. காற்று நன்றாக இருக்கும்போதே ஆணி கண்ணில் பட்டால், பட்டனின் நடுப்பகுதி என்றால், திரி போட்டுக் கவலையில்லாமல் ஓட்டுவேன், வசதிப்படும்போது உள்பேட்ச். தட்டையாக ஓடிய டயர் என்றால் உள்ளே பார்க்காமல் நம்ப மாட்டேன். திரி போட்ட அன்று மாலையும் மறுநாள் காலையும் கேஜ் வைத்துப் பார்ப்பேன், சக்கரம் குளிர்ந்திருக்கும்போது. ஓடிய சூட்டில் அளவு கூடுதலாகக் காட்டும். காற்று எவ்வளவு வைக்க வேண்டும் என்பது டிரைவர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும்.

கம்ப்ரஸர் இன்னும் ஓடுகிறது, சத்தம்தான் தெருவையே எழுப்பும். பத்து நிமிஷத்துக்கு மேல் தொடர்ந்து ஓடினால் கொதிக்கும், நடுவில் ஆறவிடுகிறேன். கிட்டில் மூன்று திரி பாக்கி. போன வாரம் பசை டியூபை அழுத்திப் பார்த்தேன், உள்ளே கல்லாகிக் கிடக்கிறது. இன்னும் மாற்றவில்லை.