வீட்டில் வில்லோ வைக்கலாமா என்று கேட்டவருக்கு

கழிவுநீர்க் குழாயை இந்த வாரம் மறுபடியும் தோண்ட வேண்டியதாயிற்று. குழியை மூடிய கையோடு நண்பர் ஒருவர், "உங்க வில்லோ மரத்திலிருந்து ஒரு குச்சி கிடைக்குமா, வீட்டில் வைக்கலாமா?" என்று கேட்கிறார். தொங்கும் கிளை, மெல்லிய நீள இலை, அந்த அழகெல்லாம் அவருக்கே தெரியும். நான் வேரைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

இந்த மரம் எங்களுக்கு வீட்டோடு வந்தது. இத்தனை வருடம் ஆகியும் எனக்கு அலுக்காத விஷயம், இது வேர் விடும் விதம். பல மரங்களில் குச்சி வெட்டி வைத்தால், வெட்டிய இடத்தில் புதுத் திசு கட்டி, அதன் பிறகுதான் வேர் வருமா வராதா என்றே தெரியும். வில்லோவில் பட்டைக்கு அடியிலேயே வேர் அரும்புகள் ஏற்கெனவே உருவாகித் தூங்கிக்கொண்டிருக்கும். ஈரம் பட்டால் போதும். தண்ணீரில் நிறுத்திய குச்சியை உற்றுப் பாருங்கள்: வெட்டிய முனையில் மட்டுமல்ல, பக்கவாட்டிலும் பட்டையைப் பிளந்துகொண்டு வெள்ளைப் புள்ளிகள் கிளம்பும். சில நாளில் அவை நூலாக நீளும். எனக்குத் தெரிந்து இவ்வளவு சுலபமாக உயிர் பிடிக்கும் மரம் வேறு இல்லை.

வேர் பிடிக்கத் தடவும் ஹார்மோன் பொடியெல்லாம் வேண்டாம். இலை உதிர்ந்த பருவத்தில், ஒரு வயதுக் கிளையில், பென்சில் கனத்தில் 25 முதல் 30 செ.மீ. வெட்டி, மொட்டு மேல்நோக்கி இருக்க, மூன்றில் இரண்டு பங்கை மண்ணுக்குள் இறக்கினால் சரி. முதல் வருடம் மண் காயக் கூடாது. விதையை நம்பாதீர்கள், பஞ்சோடு பறந்து போகும், சில நாள் அல்லது சில வாரத்தில் உயிர்ப்பு போய்விடும். அப்புறம், வில்லோவில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. ஆண் மரத்துக் குச்சி ஆண் மரமாகவும், பெண் மரத்துக் குச்சி பெண் மரமாகவும்தான் வளரும். முற்றமெல்லாம் பஞ்சு பறப்பது பிடிக்காதென்றால் ஆண் மரத்தில் வெட்டுங்கள்.

இவ்வளவு புகழ்ந்த அதே வேர்தான் இந்த வாரம் என் பொறுமையைச் சோதித்தது. குழாய்க்குள்ளிருந்து பின்னிய சடை மாதிரி ஒரு கற்றை, இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது. நியாயமாகச் சொன்னால் உறுதியான குழாயை வில்லோ உடைத்துக்கொண்டு போவதில்லை. இணைப்பில் கசிவு இருந்தால், அந்த ஈரத்தைப் பிடித்துக்கொண்டு உள்ளே நுழையும். எங்கள் குழாய் பழையதுதான். ஆனால் அதே குழாய்க்குப் பக்கத்தில் வேறு மரங்களும் நிற்கின்றன, அவற்றில் ஒன்றுகூட உள்ளே வரவில்லையே! வெட்டி எடுத்தாலும் தீர்வதில்லை. கசிவு இருக்கும்வரை வெட்டிய இடத்திலிருந்து கிளைத்துக்கொண்டு திரும்ப வருகிறது.

கிளையும் அப்படித்தான். ஈர மண்ணில் வருடத்துக்கு ஒரு மீட்டருக்கு மேல் வளரும் மரம், கட்டை லேசு, பலத்த காற்றுக்குத் தாங்காது. விழுந்ததை ஈரத்தில் அப்படியே விட்டால் அதுவும் துளிர்க்கும். சுலபமாக ஒடியும் வில்லோ வகை ஒன்று நியூசிலாந்தின் ஆற்றங்கரைகளில் களையாகப் பரவியிருக்கிறது. அங்கே இருப்பவை ஆண் மரங்கள். விதையே இல்லாமல், ஒடிந்த குச்சிகள் வெள்ளத்தில் மிதந்து போய்க் கரையேறி வேர் பிடித்தே அவ்வளவு தூரம் பரவியிருக்கின்றன. வெட்டிய கிளையை ஓடையில் எறிகிறவர்கள் இதைத் தயவுசெய்து நினைவில் வைக்க வேண்டும்.

ஆகவே நண்பருக்கு என் பதில்: வீட்டை ஒட்டி வைக்காதீர்கள். பெரிய நிலம் இருந்தால், மரம் முழுதாக வளரும் உயரத்தைவிடக் கூடுதல் தூரத்தில், குழாய்க்கும் சுவருக்கும் தள்ளி வையுங்கள். அவ்வளவு இடம் இல்லையென்றால் இந்த ஆசையை விட்டுவிடுங்கள்.

எங்கள் மரத்தை வெட்டும் எண்ணம் எனக்கு இல்லை. குழாய் இணைப்புகளைத்தான் மாற்றப் போகிறோம். இலை உதிர்ந்ததும் வாருங்கள், நல்ல குச்சியாகப் பார்த்து வெட்டித் தருகிறேன். அதற்குள் உங்கள் நிலத்தில் குழாய் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று விசாரித்து வையுங்கள்.