பிரஷ்ஷைக் கண்டா ஓடுற நாய்க்கு கோழி சுவை பேஸ்ட்

எங்கட டொமிக்கு எட்டு வயசு, பிரஷ்ஷைக் கண்டாலே கட்டிலுக்குக் கீழ போயிடுவான், வாயும் சரியான மணம். வெள்ளவத்தையில ஒரு பெட் ஷொப்பில இந்த கோழி சுவை என்சைம் பேஸ்ட் வாங்கினன், முதல் கிழமை விரல்ல வச்சு நக்க மட்டும் விட்டன், பிறகு விரல்ல துணி சுத்தி மேல் பல்லுகளின்ட வெளிப்பக்கம் மட்டும் மெதுவா தேய்ச்சன், இப்ப டியூப்பை எடுத்தாலே அவனே வந்து முன்னால இருக்கிறான் பாவம்! மணம் நல்லா குறைஞ்சிட்டு. ஆனா ஏற்கனவே கல்லாப் பிடிச்ச மஞ்சள் காரை இதால போகாது, அதுக்கு மிருக வைத்தியர்ட்ட காட்டி மயக்க மருந்து குடுத்துத்தான் கிளீன் பண்ணோணும். டியூப் சின்னன், விலையும் கூட, எண்டாலும் திரும்ப வாங்குவன். மனுசர்ட பேஸ்ட் மட்டும் போட்டுடாதீங்க, அதில சைலிட்டோல் எண்ட இனிப்பூட்டி இருந்தா நாய்க்கு உயிராபத்து.