பைத்தான் டாக்குமென்டேஷன் திருத்தும் ஏற்பாடு: என் மதிப்பீடு

பைத்தான் என்ற நிரல்மொழியைச் சொல்லிக்கொடுப்பது என் வேலை. மாணவர்களை முதலில் அதன் அதிகாரபூர்வ டாக்குமென்டேஷனுக்குத்தான், அதாவது விளக்கப் பக்கங்களுக்குத்தான், அனுப்புவேன். அங்கே ஒரு வாக்கியம் குழப்பினால் யார் வேண்டுமானாலும் கிட்ஹப்பில் (பலர் சேர்ந்து நிரல் எழுதும் இணையதளம்) திருத்தம் அனுப்பலாம். வரும் திருத்தங்களைப் படித்துக் கருத்துச் சொல்வது எனக்குப் பிடித்த வேலை.

இங்கே ஆங்கிலம் சரியா என்று பார்ப்பதோடு விடமாட்டார்கள், பைத்தான் நிஜமாகவே அப்படித்தான் நடக்கிறதா என்றும் பார்ப்பார்கள். ஒரு உரையின் இரு முனைகளிலும் இருந்து எழுத்துகளை நீக்கும் ஸ்ட்ரிப் என்ற கட்டளை பற்றிய பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். நாம் கொடுப்பது முன்னொட்டோ பின்னொட்டோ அல்ல, தனித்தனி எழுத்துகளின் கூட்டம் என்று அங்கே ஒரு வரி இருக்கிறது. படிக்கக் கொஞ்சம் கரடுமுரடுதான். அதை 'கொடுத்த சொல்லை நீக்கும்' என்று சுருக்கினால் இலக்கணம் அழகாக இருக்கும், பொருள் போய்விடும். 'ஆர்தர்: த்ரீ!' (Arthur: three!) என்பதன் முன்பகுதியான 'Arthur: ' என்பதை, இடப்பக்கம் மட்டும் நீக்கும் எல்ஸ்ட்ரிப்பால் நீக்கிப் பாருங்கள். த்ரீயில் உள்ள டி, எச், ஆர் மூன்றும் ஆர்தர் பெயரிலும் இருப்பதால் அவையும் சேர்ந்து போய்விடும்; மிஞ்சுவது இரண்டு ஈயும் ஒரு ஆச்சரியக்குறியும். டாக்குமென்டேஷனே காட்டும் உதாரணம் இது. விளக்கியும் குழப்பம் தீராமல், 2020-இல் வந்த 3.9 பதிப்பில் முன்னொட்டையும் பின்னொட்டையும் அப்படியே நீக்க ரிமூவ்பிரிஃபிக்ஸ், ரிமூவ்சஃபிக்ஸ் என்று தனி மெத்தடுகளே (கட்டளைகளே) சேர்த்தார்கள்.

வசதிகளுக்கும் குறையில்லை. திருத்திய பக்கம் எப்படித் தெரியும் என்று முன்கூட்டியே பார்க்க ஒரு இணைப்பு கிடைக்கும். மார்க்டவுன் என்ற எளிய எழுத்துக் குறியீட்டு முறையின் பழக்கத்தில் கோட் பெயரைச் சுற்றி ஒற்றை பேக்டிக் (` குறி) போட்டால் தானியங்கிச் சோதனை பிடித்துவிடும். இங்கே இரட்டை வேண்டும். ஏற்ற திருத்தத்தை, பராமரிப்பில் உள்ள முந்தைய பதிப்புகளுக்கும் கொண்டுபோகிறார்கள். பழைய பதிப்பை வைத்தே பாடம் நடத்தும் எங்களைப் போன்றவர்களுக்கு இது பெரிய உதவி.

குறை என்றால் வாசல்தான். ஒரு காற்புள்ளிக்காகக்கூட கிட்ஹப் கணக்கு, ஃபோர்க் (திருத்த நமக்கென்று எடுக்கும் நகல்), பங்களிப்பாளர் ஒப்பந்தம் என்று எல்லாம் கடந்து வரவேண்டும். நல்ல ஆங்கில ஆசிரியர் ஒருவர் இதைப் பார்த்தாலே திரும்பிவிடுவார், அது நமக்கு நஷ்டம்.

அனுப்புகிறவர்களுக்கு ஒன்று: 'இப்படி எழுதினால் நன்றாக இருக்கும்' என்று மட்டும் எழுதாதீர்கள். பழைய வரியைப் படித்தவர் என்ன தப்பாகப் புரிந்துகொள்வார் என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். ரிவ்யூ செய்கிறவருக்குப் பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும்.

ஐந்துக்கு நான்கு நட்சத்திரம். அந்த ஒன்று வாசலுக்காகக் குறைத்தது.